நடுகல் பதிவுக்குப் போகும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் ஏரிக்கரை, கொல்லையோரம், புளியமரத்தடி என்று எங்கு பார்த்தாலும் நடுகல் நிற்கும். ஆநிரை கவர்ந்தவனோடும் புலியோடும் பன்றியோடும் மோதி இறந்தவனுக்கு ஊர் எடுத்த கல் அது. அவற்றைப் பதிவு செய்யக் கிளம்பும் என்.எஸ்.எஸ். மாணவர்களும் திட்ட அலுவலர்களும் ஊர்க்காரர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

முகாம் ஏழே நாள். அதற்குள் என்ன முடியும்?

மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றும் முடிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. முகாமுக்கு ஐம்பது பேர் வருவார்கள். ஐம்பது பேரும் ஒரு கல்லைச் சுற்றி நின்றால் வேலை ஓடாது, ஊருக்கும் எரிச்சல். நான்கு பேருக்கு ஒரு குழு போதும்: ஒருவர் படம், ஒருவர் அளவு, ஒருவர் படிவம், ஒருவர் ஊராரோடு பேச்சு. இப்படி மூன்று குழு அனுப்பினால் தாராளம். மற்றவர்கள் முகாமின் வழக்கமான வேலைகளைப் பார்க்கட்டும்.

ஒரு குழு ஒரு நாளில் மூன்று கல்லை ஒழுங்காகப் பதிந்தால் பெரிது. பத்து, பதினைந்து என்று கணக்குக் காட்டினால் பாதிப் படங்கள் பயன்படாமல் போகும். முதல் நாளைப் பயிற்சிக்கும் கடைசி நாளைச் சரிபார்ப்புக்கும் ஒதுக்குங்கள். ஊராட்சி ஒன்றை எடுத்தால் அதை முழுதாக முடியுங்கள். ஐந்து ஊராட்சியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிவதை விட அதுதான் பின்னால் வருகிறவருக்கு உதவும்.

ஊரில் “நடுகல் எங்கே இருக்கிறது” என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லையே?

அது புத்தகச் சொல். இந்தப் பக்கத்தில் வேடியப்பன் கோயில் எங்கே என்று கேளுங்கள்; பெரும்பாலும் உள்ளே இருப்பது நடுகல்தான். வீரக்கல், சாமிக்கல், புலிகுத்திக் கல், மாஸ்திக்கல், மீசைக்காரன் கல் என்று ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். ஆடு மாடு மேய்ப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். காட்டில் எந்தப் புதரில் எந்தக் கல் கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அடுத்தது ஏரிக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டி. மதகு, தூம்பு, கலிங்கு பக்கத்திலுள்ள எழுத்துக் கற்களை அவர் தினமும் தாண்டிப் போகிறவர். துணி துவைக்கும் கல்லையும் வாய்க்கால் மேல் பாலமாகப் போட்ட பலகைக்கல்லையும் விட்டுவிடாதீர்கள். முடிந்தால் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், புரட்டிப் பார்க்க வேண்டாம்.

இது நடுகல்தான் என்று எதை வைத்துச் சொல்வது?

பழைய கற்களில், அதாவது பல்லவர் காலத்தை ஒட்டியவற்றில், பெரும்பாலும் ஒரே வீரன்தான். இடக்கையில் வில், வலக்கையில் வாள் அல்லது குறுவாள், உடம்பில் தைத்த அம்பு. காலடியில் கெண்டியும் சிமிழும் இருக்கும். மாடு மீட்டவன் என்றால் மாடும் இருக்கலாம். எழுத்து தலைக்கு மேலேயோ பக்கவாட்டிலோ ஓடும். செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு கள்ளனைக் கடித்த நாயும் செதுக்கப்பட்டு, நாய்க்கும் கல்வெட்டில் இடம் கிடைத்திருக்கிறது.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிற்காலக் கற்கள் மூன்று அடுக்காக வரும். கீழே சண்டை, நடுவில் வீரனைத் தூக்கிச் செல்லும் தேவமகளிர், மேலே சிவலிங்கம். வீரன் பக்கத்தில் பெண் உருவமும் வளையலோடு மடக்கி உயர்த்திய கையும் இருந்தால் சதிக்கல், கணவனோடு தீயில் இறங்கியவளுக்கு எடுத்தது.

குழப்புகிறவை சில உண்டு. சூலம் மட்டும் பொறித்தது சிவன் கோயில் நிலத்தின் எல்லைக்கல், சக்கரம் இருந்தால் பெருமாள் கோயில் நிலம், முக்குடை இருந்தால் சமணப் பள்ளிக்கு விட்ட நிலம். பருத்த வயிறோடு காக்கைக் கொடியும் துடைப்பமும் வைத்து உட்கார்ந்திருப்பவள் தவ்வை, அதாவது மூதேவி. தன் தலையைத் தானே அரிந்துகொள்ளும் உருவம் நவகண்டம், தெய்வத்துக்குத் தன்னையே பலி கொடுத்தவனின் சிற்பம்.

உருவமே இல்லை என்பதற்காக ஒரு கல்லை ஒதுக்க வேண்டாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த மூன்று நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து மட்டும்தான் இருந்தது. அதில் ஒன்று கூடல் ஊர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த அந்தவனுக்கு எடுத்தது.

கல் முழுக்க எண்ணெயும் பாசியும். கழுவிவிட்டுப் படம் எடுக்கலாமா?

முதலில் இருக்கிற நிலையிலேயே படம் எடுங்கள். பூசாரியோ நிலக்காரரோ சம்மதித்தால் வெறும் தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் போதும். கீழிருந்து மேலாக நனைத்து, மேலிருந்து கீழாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். மேலிருந்து நனைக்க ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் கோடுகோடாக இறங்கிக் கறை பிடிக்கும்.

இரும்பு பிரஷ், உப்புக்காகிதம், ஆசிட், சோப்புத்தூள், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். “கருங்கல்தானே, என்ன ஆகிவிடும்” என்பார்கள். ஆயிரம் ஆண்டு வெயில் மழை பட்ட கருங்கல்லின் மேல்தோல் உதிரும் பக்குவத்தில் இருக்கும். எழுத்தின் ஆழமோ பல கற்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். விரலால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’கென்று பொள்ளலாகக் கேட்டால் மேல்தோல் விட்டுவிட்டது என்று அர்த்தம். அங்கே தண்ணீர்கூட வேண்டாம். வட்ட வட்டமாகப் படிந்திருக்கும் வெண்சாம்பல் நிறக் கற்பாசியைச் சுரண்டவே கூடாது. அது கல்லின் மணிகளுக்கு இடையே வேர்போல் இறங்கியிருக்கும். பிய்த்தால் கல்லும் சேர்ந்து வரும்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் சிலர் சீயக்காய், அரப்பு போடுகிறார்கள். அதையும் முகாமில் செய்ய வேண்டியதில்லை. பிசுக்கு எடுப்பது சீரமைப்பு வேலை, நமக்கு வேண்டியது பதிவு.

எழுத்து மங்கலாக இருக்கிறது. மைதா, கோலமாவு, விபூதி தடவினால் பளிச்சென்று தெரிகிறதே?

தெரியும், கெடுக்கவும் செய்யும். மைதா குழிக்குள் தங்கினால் எறும்பும் பூஞ்சையும் வரும். சுண்ணாம்பு கலந்த கோலமாவு மழையில் கரைந்து குழியிலேயே இறுகும். இதைவிடப் பெரிய சிக்கல் வேறு: மாவை விரலால் தேய்ப்பவர் தான் எழுத்து என்று நினைக்கிற இடத்தில்தான் தேய்ப்பார். படத்தில் கல்வெட்டு வராது, தேய்த்தவரின் ஊகம்தான் வரும். சாக்பீஸால் எழுத்தின் மேல் கோடு போடுவது இன்னும் மோசம். பின்னால் படிக்கிறவர் அந்தத் தவற்றையும் சேர்த்துப் படிப்பார். பக்கவாட்டு வெளிச்சம் இருந்தால் மாவே தேவைப்படாது.

பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுப்பது எப்படி?

நேரே அடிக்கும் வெளிச்சம் குழியையும் மேட்டையும் ஒன்றாகக் காட்டும். கல்லைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி ஓரத்திலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு குழியிலும் நிழல் விழும்.

பகலில் எடுப்பதானால் கல் எந்தத் திசை பார்க்கிறது என்று கவனியுங்கள். கிழக்கு பார்த்த கல்லைக் காலை ஏழு மணிக்கு எடுத்தால் மொட்டையாக வரும். சூரியன் உச்சிக்கு ஏறும் பதினொன்றரை, பன்னிரண்டு மணி வாக்கில் வெளிச்சம் மேலிருந்து தடவிக்கொண்டு இறங்கும்போது எழுத்து எழுந்து நிற்கும். மேற்கு பார்த்த கல்லுக்கு உச்சி தாண்டியவுடன். வடக்கு பார்த்த கல்லுக்கு மார்கழி, தை முகாமில் வெயிலே படாது. அதற்கு ஒரு முகக்கண்ணாடி போதும்: ஒருவர் வெயிலில் நின்று வெளிச்சத்தைத் திருப்பிவிட, இன்னொருவர் கல்லின் மேல் போர்வையால் நிழல் கட்ட வேண்டும்.

இரவில் எடுப்பதே சுலபம். போனை முக்காலியில் கட்டுங்கள், இல்லாவிட்டால் செங்கல் அடுக்கி அதில் அசையாமல் நிறுத்துங்கள். பிளாஷ், நைட் மோட், அழகுபடுத்தும் வசதி எல்லாவற்றையும் அணையுங்கள். நைட் மோட் நிழலை நிரவி எழுத்தை மழுக்கிவிடும். மூன்று விநாடி டைமர் வைத்தால் விரல் பட்டு ஆடாது. டார்ச்சை ஒன்றரை மீட்டர் தள்ளி, கல்லின் முகத்தோடு பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் போகாமல் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இடம், வலம், மேல், கீழ், நான்கு மூலை என எட்டுப் பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம். போன் இம்மியும் நகரக் கூடாது. கிடைக்கோடுகள் மேல் வெளிச்சத்திலும் செங்குத்துக் கோடுகள் பக்க வெளிச்சத்திலும்தான் தெரியும். ஒரே படத்தை வைத்துப் படித்தால் சில எழுத்துகள் ஒன்றுக்கொன்று மாறிப்போவது இதனால்தான்.

இரவில் காட்டுக்குப் போகும்போது ஊர்க்காரர் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும். கல்லின் அடியில் கைவிடும் முன் கம்பால் தட்டுங்கள். கல்லிடுக்கு பாம்புக்குப் பிடித்த இடம்.

மைப்படி நாங்களே எடுக்கலாமா?

கல்வெட்டைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கும் நகல்தான் மைப்படி. கையால் செய்து பழகியவர் அருகில் இருந்தால் மட்டும் எடுக்கலாம். செய்முறையைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. கழுவிய ஈரக் கல்லின் மேல் தண்ணீரில் நனைத்த மேப்லித்தோ தாளை நடுவிலிருந்து ஓரத்துக்கு விரித்துக் காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்ட வேண்டும். பிறகு அடர்ந்த பிரஷால் செங்குத்தாகத் தட்டித் தட்டித் தாளைக் குழிக்குள் இறக்க வேண்டும். தாள் கிழிந்த இடத்தில் ஈரத் துண்டு ஒட்டி மறுபடி தட்ட வேண்டும். தாளின் ஈரப் பளபளப்பு போய், ஆனால் ஓரம் எழும்பாமல் இருக்கும் நேரம்தான் பதம். விளக்குக்கரியும் கருவேலம் பிசினும் சேர்த்த மையைத் துணி சுற்றிய பந்தால் தொட்டு, வேறொரு தாளில் ஒற்றிப் பார்த்துவிட்டு, மேலோட்டமாக ஒற்றிக்கொண்டே போக வேண்டும். மேடு கறுக்கும், குழி வெள்ளையாக நிற்கும்.

சொதப்புவது இரண்டு இடத்தில். ஈரம் போகுமுன் மை வைத்தால் தாளின் வழியே கசிந்து கல்லில் ஊறும். பிறகு அந்தக் கறை போகவே போகாது. காற்றடிக்கும் மதிய நேரத்தில் எடுத்தால் பாதி வேலையில் தாள் பிரிந்துவிடும். மேல்தோல் உதிரும் கல்லில் மைப்படி எடுக்கவே கூடாது, தாளோடு எழுத்தும் வரும். அரசு பாதுகாக்கும் சின்னமென்றால் தொல்லியல் துறை அனுமதி, அறநிலையத் துறைக் கோயிலுக்குள் என்றால் செயல் அலுவலர் அனுமதி வாங்கிய பிறகுதான் கை வைக்கலாம்.

படிவத்தில் கட்டாயம் எவை இருக்க வேண்டும்?

ஊர், ஊராட்சி, வட்டம், கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்கிய புல எண், புறம்போக்கா பட்டாவா, ஊரார் சொல்லும் பெயர், முகம் பார்க்கும் திசை, தரைக்கு மேலுள்ள உயரம், அகலம், கனம் (சென்டிமீட்டரில்), எழுத்து எங்கே, எத்தனை வரி, உடைசல், பூச்சு, சிமென்ட், வழிபாடு உண்டா, எந்த மாதம்.

இருப்பிடத்தைப் போனில் எடுக்கும்போது உடனே எழுதிவிடாமல் இரண்டு நிமிடம் பொறுங்கள். மரத்தடியிலும் பாறை ஓரத்திலும் புள்ளி தாவிக்கொண்டே இருக்கும். தசமப் பாகையில் ஐந்து இலக்கம் எழுதுங்கள். நான்கு இலக்கத்தில் நிறுத்தினால் பதினோரு மீட்டர் வரை தள்ளிப்போகும், அடுத்தடுத்து நாலைந்து கல் இருக்கும் இடத்தில் எது எது என்றே தெரியாது.

படத்தில் அளவுகோல் இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் அளவு அச்சிட்ட அட்டையைக் கல்லில் ஒட்டாமல் பக்கத்தில் நிறுத்துங்கள். சாவிக்கொத்து, நாணயம், நண்பர் ஒருவரின் கை ஆகியவை அளவுகோல் ஆகாது. ஒரு படம் தூரத்திலிருந்து, பின்னால் தெரியும் மலையோ ஏரியோ அடையாளம் காட்டும்படி. நான்கு பக்கமும் தனித்தனியே, பின்புறமும் சேர்த்து. பின்புறத்தை மறப்பது எல்லா முகாமிலும் நடக்கும் கோளாறு.

எழுத்தை நாங்களே படித்து, காலத்தையும் சொல்லலாமா?

படிக்க முயலுங்கள், முடிவாக அறிவிக்காதீர்கள். இந்தப் பகுதிப் பழைய நடுகற்களில் பல வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்தில் இருக்கும். அதில் ப, ம, வ ஒன்றோடொன்று குழம்பும். புள்ளி அநேகமாக இருக்காது. வாசகத்தின் அமைப்புத் தெரிந்தால் பாதி வழி வந்த மாதிரி. ‘கோவிசைய’ என்று தொடங்கி அரசன் பெயர், ‘பருமற்கு’ என்பதுபோல் முடியும். அடுத்து யாண்டு எண், பிறகு எந்தத் தலைவனின் சேவகன், எந்த ஊர், ‘தொறு’ கொண்டபோது அல்லது மீட்டபோது, கடைசியில் ‘பட்டான் கல்’. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படித்துப் பாருங்கள், அது கைகொடுக்கும்.

அடையாளம் தெரியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள், ஊகித்ததை அடைப்புக்குறியில் போடுங்கள். காலம் என்ற கட்டத்தைக் காலியாக விடுவதில் வெட்கமே இல்லை. “2000 ஆண்டு பழமையான கல்” என்று முகாம் அறிக்கையில் ஒருமுறை ஏறிவிட்டால் அதை இறக்கப் பத்து ஆண்டு ஆகும்.

கல் பாதி மண்ணுக்குள். கீழே இன்னும் இரண்டு வரி இருக்கும்போல. கொஞ்சம் தோண்டலாமா?

கூடாது. அடியில் பானையோடு, எலும்பு, இரும்பு ஏதாவது இருந்தால் அவை எந்த ஆழத்தில், எந்த மண்ணில் கிடந்தன என்பதுதான் சான்று. மண்வெட்டி போட்ட நொடியில் அது போய்விடும். கல்லும் சாயும். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருப்பதால்தான் அது இத்தனை காலம் நிற்கிறது. வீடு கட்டும்போதோ உழும்போதோ தானாகவே ஏதாவது வெளிப்பட்டால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் எழுத்தில் கொடுத்து நகல் வாங்கிக்கொண்டால் போதும்.

ஊர்க்காரர்கள் கல்லுக்குப் பெயின்ட் அடித்து, சிமென்ட் மேடை கட்டித் தரச் சொல்கிறார்கள். மறுத்தால் கோபப்படுகிறார்களே?

மறுக்காமல் மாற்றிச் சொல்ல வேண்டும். எனாமல் பெயின்ட் கல்லின் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சில ஆண்டில் கொப்பளித்து உரியும்போது கல்லின் தோலையும் எடுத்துக்கொண்டு வரும். சிமென்ட் மேடை கீழ்வரிகளை மூடிவிடுவதோடு, அதிலிருந்து ஏறும் உப்பு கல்லைப் பொரிய வைக்கும். கல்லைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளிச் சுண்ணாம்புக் காரையில் கற்கட்டு, மழைநீர் வெளியே வடியும்படி சாய்வு, மேலே ஓட்டுக் கூரை, இவ்வளவு செய்தால் சாமிக்கும் மரியாதை, கல்லுக்கும் ஆயுள். கல்லைத் தொடாமல் செய்யக்கூடிய எதையும் ஊர் தாராளமாகச் செய்யலாம்.

கற்பூரத்தைக் கல்லின் காலடியில் ஏற்றாமல் இரண்டடி தள்ளித் தட்டில் காட்டச் சொல்லுங்கள். பொங்கல் அடுப்பும் அப்படியே. சூடு ஏறினால் கருங்கல்லில் உள்ள மணிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் விரியும், அதனால் செதில் செதிலாகத் தெறிக்கும். இதைச் சொன்னால் பூசாரிகள் ஒத்துக்கொள்கிறார்கள். சாமி முகம் சிதைவதை யார்தான் விரும்புவார்?

பாதுகாப்பாக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விடலாமே?

வழிபாட்டில் இருக்கும் கல்லை அசைக்க வேண்டாம், அது சண்டையில்தான் முடியும். சாலை விரிவாக்கத்தில் அடிபடப்போகும் கல், வாய்க்காலில் விழுந்து கிடக்கும் கல் என்றால் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு எழுதுங்கள். தர்மபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. பொக்லைன் வைத்து நீங்களே தூக்க வேண்டாம். சங்கிலி போட்ட இடத்தில் கல் இரண்டாக முறியும்.

“இது எங்கள் குலத்துக் கல், எங்கள் சாதிப் பெயரை எழுதுங்கள்” என்று இரண்டு தரப்பும் கேட்கிறார்கள்.

யார் சொன்னது என்பதோடு இரண்டு தரப்புப் பேச்சையும் அப்படியே எழுதுங்கள். கல்லைப் பற்றிய குறிப்பில் கல்வெட்டில் இருப்பது மட்டும் வரட்டும். இன்ன குலம் என்று பெயர்ப்பலகை வைக்கும் வேலையை முகாம் ஒருபோதும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சில கோயிலில் பெண்கள் உள்ளே வரக் கூடாது என்பார்கள். அங்கே வாசலிலேயே வாதாடிப் பயனில்லை. முதல் நாளே திட்ட அலுவலர் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய சங்கதி அது.

பெரியவர்கள் சொல்லும் கதையை எப்படிப் பதிவது?

சம்மதம் கேட்டு, அந்தச் சம்மதத்தையும் பதிவின் தொடக்கத்திலேயே பதியுங்கள். “வேடியப்பன் யார்?” என்று கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். “பூசைக்கு என்ன படைப்பீர்கள்? சேவல் என்ன நிறம்? யார் முதலில் பொங்கல் வைப்பார்?” என்று கேட்டால் கதை தானாக அவிழும். மின்விசிறிக்கு அடியில் உட்கார வேண்டாம். கல்வெட்டில் உள்ளது வேறு என்று நடுவில் திருத்தாதீர்கள். ஊர்க்கதை அதனளவில் ஒரு பதிவு.

ஒரு வீட்டுப் பரணில் ஓலைச்சுவடிக் கட்டு கிடைத்தது. எண்ணெய் போடலாமா?

வேண்டாம். மண்ணெண்ணெய், நல்லெண்ணெய், பிளாஸ்டிக் பை மூன்றும் ஆகாது. பிரிக்காமல் பருத்தித் துணியில் சுற்றி உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட ஓலைகளைக் கத்தியால் பிரிக்கக் கூடாது. சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், சரசுவதி மகால் நூலகம் ஆகியவற்றில் சுவடி பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 75 ஆண்டுக்கு மேற்பட்ட சுவடி 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும் என்பதை வீட்டுக்காரருக்கும் சொல்லிவையுங்கள். “பழைய சாமான்” வாங்க வருகிறவர் அதைச் சொல்ல மாட்டார்.

கண்டுபிடித்ததை உடனே முகநூலில் போடலாமா?

படத்தைப் போடலாம். இருப்பிடப் புள்ளியைப் போடாதீர்கள். காட்டில் தனியாக நிற்கும் சிற்பத்துக்கு அது திருடனுக்குக் கொடுக்கும் முகவரி. புதையல் தேடிக் கல்லைச் சாய்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. “முதன்முறையாகக் கண்டுபிடிப்பு” என்று எழுதும் முன் தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம், தர்மபுரி நடுகல் தொகுதிகளைப் புரட்டிப் பாருங்கள். செங்கம் தொகுதி 1972லேயே வந்துவிட்டது.

முகாம் முடிந்தபின் படங்களும் படிவங்களும் எங்கே போக வேண்டும்?

கல்லூரி அலமாரியில் தூங்காமல் இருக்க வேண்டுமானால் கடைசி நாளிலேயே பிரித்துவிட வேண்டும். ஒரு தொகுதி மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கு, ஒன்று கல்லூரி நூலகத்துக்கு, ஊர்ப்படம் போட்ட அச்சுப்படி ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கோ ஊர்ப் பள்ளிக்கோ. கோப்புப் பெயரில் ஊர், கல் எண், தேதி மூன்றும் இருக்கட்டும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், இருப்பிடத் தகவலும் அழிந்துவிடும். டாகுமென்ட்டாக அனுப்புங்கள் அல்லது பென்டிரைவில் கொடுங்கள். போனில் உள்ள மூலப்படத்தை, மூன்று இடத்திலும் கோப்பு திறக்கிறது என்று பார்த்த பிறகுதான் அழிக்க வேண்டும்.